மூன்று நாளுக்குள் திறக்க வேண்டிய கைபேசி

பூட்டிய ஐபோனை மூன்று நாள் யாரும் திறக்காமல் விட்டால் அது தானாகவே அணைந்து மறுபடி எழுந்துகொள்கிறது. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 வரிசையில் ஆப்பிள் இந்த ஏற்பாட்டைச் செய்தது. அடுத்த ஆண்டு கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தொலைந்துபோன கைபேசி கண்டவர் கையில் சிக்காமல் இருக்க இது நல்ல பாதுகாப்பு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மகஜர் எழுதிக் கைப்பற்றிய கைபேசிக்கும் அதே கெடுதான்.

அணைந்து எழுந்த கைபேசிக்கும், அணையாமல் பூட்டி மட்டும் இருக்கும் கைபேசிக்கும் ஆய்வு மேசையில் பெரிய வேறுபாடு உண்டு. எழுந்த பிறகு உரிமையாளர் ஒருமுறையேனும் கடவு எண்ணைப் போட்டிருந்தால், உள்ளிருக்கும் தகவல்களைத் திறக்கும் சாவிகள் நினைவகத்தில் இருக்கும். தக்க கருவி இருந்தால் பலவற்றை எடுக்க வழி பிறக்கும். ஒருமுறைகூடப் போடாத நிலையில் பெரும்பாலானவை மறையாக்கத்துக்குள்ளேயே கிடக்கும். அதனால்தான் சோதனைக்குக் கிளம்பும் இளம் காவலர்களிடம் நான் முதலில் சொல்வது, “சுவிட்ச் ஆஃப் மட்டும் பண்ணிடாதப்பா” என்பதுதான். கையில் கிடைத்ததும் சிக்னல் எட்டாத ஃபாரடே பையில் போட வேண்டும். பைக்குள் போன கைபேசி டவரைத் தேடித் தேடி பேட்டரியைக் காலி செய்துவிடும் என்பதால் பவர் பேங்க் ஒன்றையும் இணைத்து உள்ளே வைக்க வேண்டும். பிறகு நேரத்தைக் குறிக்க வேண்டும். கைபேசியைக் கடைசியாகத் திறந்த நிமிடத்திலிருந்தே மூன்று நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தென்மாவட்டம் ஒன்றில் அந்த மூன்று நாள் எப்படிக் கழியும் என்று பாருங்கள். இரவு கைப்பற்றல். மறுநாள் படிவம் 95 எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைப்பு. ஆய்வுக்கு அனுப்ப மனு, நடுவரின் கடிதம், முத்திரை. பிறகு ஒரு காவலர் அதை எடுத்துக்கொண்டு ரயிலேறி மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போக வேண்டும். அங்கே தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்த பொருள்கள் வரிசையில் இருக்கும். 1849-இல் வேதியியல் பரிசோதனைக் கூடமாகத் தொடங்கி, நாட்டிலேயே பழமையான தடய ஆய்வு மரபைக் கொண்டிருக்கும் துறை அது. அங்குள்ளவர்களின் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். வரிசை நீள்வதற்கு அவர்கள் காரணமல்ல. நஞ்சு காத்திருக்கும், ரத்தக்கறையை உரியபடி உலர்த்தி வைத்தால் அதுவும் காத்திருக்கும். கைபேசி காத்திருக்காது.

கணினிக் குற்றப் பிரிவுகளுக்கு எவ்வளவு நிதி வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், என்ன கருவி வேண்டும் என்று கருத்துரு கேட்கும்போதெல்லாம் என் மனம் இந்தக் கெடுக்களைத்தான் எண்ணும். ஒதுக்குகிற பணம் நேரமாக மாறுகிறதா என்பதே என் கேள்வி. மாறாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும் அது மேசையை அடைப்பதோடு சரி.

பணம் பறிபோன வழக்கில் கெடு நாளில் இல்லை, மணியில் இருக்கிறது. 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆன உதவி அழைப்பை எல்லோரும் அறிவார்கள். அழைப்பை எடுக்கும் காவலர் விவரத்தைப் பதிந்ததும் அது பறிகொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. பணம் அங்கிருந்து எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு அடுத்த தகவல். பணம் அங்கேயே இருந்தால் அந்தத் தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்குள் நகர்ந்திருந்தால் அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு. நாங்கள் இதை லேயர் என்போம். கமிஷனுக்காகத் தன் கணக்கைக் கொடுத்த கல்லூரி மாணவர், கூலித் தொழிலாளி என்று ஒவ்வொரு லேயரிலும் ஒரு மியூல் அக்கவுண்ட் இருக்கும். கடைசியில் ஏடிஎம்மில் பணமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிட்டால் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம்.

இந்த ஓட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் ஒரு மனிதக் குரலை நம்பி இருக்கிறது. மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை ஆன்லைன் டிரேடிங் என்று நம்பி அனுப்பிவிட்டு ஒரு அம்மா அழுதுகொண்டே அழைக்கிறார். பெண் காவலர் சொல்கிறார்: “அழாதீங்கம்மா. பேங்க்ல இருந்து வந்த மெசேஜைத் திறங்க. அதுல பன்னெண்டு நம்பர் சேர்ந்தாப்ல ஒண்ணு இருக்கும். மெதுவாப் படிங்க, நான் எழுதிக்கிறேன்.” யுபிஐ பரிமாற்றத்தின் அந்த 12 இலக்க எண்ணை ஒரு இலக்கம் பிசகாமல் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி வீடியோ அழைப்பில் நாள் கணக்கில் உட்கார்த்தி வைத்த முதியவர் என்றால் இன்னும் சிரமம். போலி போலீஸை நம்பி ஏமாந்தவர் அவர்; இப்போது உண்மையான போலீஸ் பேசுவதை அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் குரலாலேயே உண்டாக்கத் தெரிந்த பெண் காவலர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மென்பொருளையும்விட அவர்கள் அரிய வளம்.

1930 அழைப்பை எடுக்கும் நாற்காலி ஒரு மணி நேரம்கூடக் காலியாகாமல் இருக்க எத்தனை பேர் வேண்டும்? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றரைப் பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, நீதிமன்ற நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஒரே ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். எனக்குத் தெரிந்து ஆள் ஒதுக்கும் பட்டியல்களில் இந்தக் கணக்கு அரிதாகவே இடம்பெறுகிறது. ‘உதவி மையம் - 2 காவலர்கள்’ என்று எழுதிவிட்டால் இரவு இரண்டு மணிக்கு யார் எடுப்பார்கள்? 2024-இல் நாடு முழுக்க இணைய நிதி மோசடிகளில் மக்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் அது சுமார் 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. நாற்காலிகள் அந்த வேகத்தில் கூடவில்லை.

சிறு தொகைப் புகார்களைத் தள்ளிவைக்கலாம் என்ற யோசனை பளு கூடும்போது எழும். அதை நான் கடைசிவரை எதிர்த்துவந்திருக்கிறேன். 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கட்டணக் கணக்கு 75 சென்ட் இடித்தது. வானியலாளராக இருந்து அங்கே கணினிப் பராமரிப்புக்கு வந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் அதை விடாமல் துரத்தினார். இழப்பு ஒரு டாலர்கூட இல்லையே என்று எஃப்பிஐ முதலில் அக்கறை காட்டவில்லை. துரத்தியது கடைசியில் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றவர்களிடம் போய் நின்றது. நம் ஊரிலும் அப்படித்தான். ராமநாதபுரத்தில் ஒருவர் இழந்த 4,000 ரூபாயும் கோயம்புத்தூரில் ஒருவர் இழந்த 40 லட்சமும் ஒரே மியூல் அக்கவுண்டில் விழலாம். சிறிய புகாரைப் பதியாவிட்டால் பெரிய வழக்கின் முடிச்சு அவிழாமல் போகும். இப்படிப் புகார்களைக் கோத்துப் பார்க்க மத்திய அரசின் ஐ4சி மையம் சமன்வயா போன்ற தளங்களை நடத்துகிறது. ஆனால் கோப்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். பதிவுக்கு ஆள் இருக்க வேண்டும்.

ஆள் என்றால் எந்த ஆள்? இங்கே சட்டமே ஒரு குறுகிய வாசலை வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 78-ஆம் பிரிவின்படி, டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்றது. சென்னையில் ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவருக்கு 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் 67-ஆம் பிரிவில் தண்டனை விதித்தபோது நிலைமை அதுதான். புகார் வந்த ஆண்டிலேயே தீர்ப்பு வந்த வழக்கு அது. நாட்டின் முதல் சைபர் குற்றத் தண்டனைகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. ஒரு சிறிய குழு, கையில் ஒரு வழக்கு, முழுக் கவனம். அது நடந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். 2009 அக்டோபரில் திருத்தம் நடைமுறைக்கு வந்து, இன்ஸ்பெக்டர் விசாரிக்கலாம் என்றானது. ஆனால் இன்றும் சப்-இன்ஸ்பெக்டர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை அதிகாரி ஆக முடியாது. தமிழ்நாட்டில் 2021-இல் தனியாக சைபர் கிரைம் பிரிவு உருவாகி, மாவட்டந்தோறும் நிலையங்கள் வந்தன. மனதார வரவேற்றேன். ஆனால் நிலையத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்றால், அந்த மாவட்டத்தின் எல்லா வழக்கிலும் கையெழுத்து அவருடையது, சாட்சிக்கூண்டு அவருடையது, வெளிமாநிலக் கைதுப் பயணமும் அவருடையது. கட்டடத்தைப் பெரிதாக்குவதைவிட நிலையத்துக்கு இரண்டாவது, மூன்றாவது இன்ஸ்பெக்டர் பணியிடம் கொடுப்பதே அதிகம் உதவும். தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ.க்கள் எத்தனையோ பேர் பொறியியல் படித்துவிட்டு இந்த வேலையில் உயிரைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் வாசல் திறக்க வேண்டும்.

நம் வேலையில் மிக நுட்பமான பகுதி எது என்று கேட்டால் கடிதம் எழுதுவது என்பேன். சமூக வலைத்தள நிறுவனம் ஒன்று சந்தேக நபரின் ஐபி முகவரியையும் நேரத்தையும் கொடுக்கிறது. நேரம் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும். 14-ஆம் தேதி 19:10 என்று இருந்தால் நமக்கு அது 15-ஆம் தேதி அதிகாலை 00:40. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எழுதினால், அந்த நேரத்தில் அந்த ஐபியில் இருந்த வேறொருவரின் பெயர் வரும். சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். தேதியே மாறுகிற இடம் என்பதால் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டிய வரி அது. மொபைல் இணையத்தில் இன்னொரு சிக்கல். ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்கு ஒரே நேரத்தில் பகிர்ந்து கொடுக்கிறார்கள். போர்ட் எண்ணும் இருந்தால்தான் ஆளைப் பிரித்துச் சொல்ல முடியும். சில தளங்கள் போர்ட் எண்ணைத் தருவதில்லை. அப்போது வேறு நேரங்களில் அதே கணக்கு நுழைந்த ஐபிகளை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றிலும் வரும் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் எது என்று தேட வேண்டும். பொறுமையான மேசை வேலை. இதற்கும் கெடு உண்டு: இந்தப் பதிவுகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய காலம் ஒரு வருடமாக இருந்து, 2021 இறுதியில் இரண்டு வருடமானது. புகார் தாமதமாக வந்து, கடிதமும் தாமதமானால் அந்தத் தடம் அழிந்தே போகும்.

இதைச் செய்யத் தெரிந்தவர் உருவாக எனக்குத் தெரிந்து இரண்டு ஆண்டாவது ஆகும். பயிற்சி வகுப்பில் கருவியைக் காட்டலாம். லாகைப் படிக்கும் கண் வழக்குகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வரும். அந்தக் கண் வந்த நேரத்தில் அவர் பதவி உயர்வில் சட்டம் ஒழுங்குக்குப் போய்விடுகிறார். அல்லது திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்துக்குப் போகிறார். பந்தோபஸ்து காவல்துறையின் முதல் கடமைகளில் ஒன்று. கூட்டத்தில் ஒரு குழந்தை தொலையாமல் பார்த்துக்கொள்வதும் பெரிய வேலைதான். நான் கேட்பது ஒன்றே: 1930 நாற்காலியில் இருப்பவரையும் கைபேசி எடுக்கும் மேசையில் இருப்பவரையும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் இருக்க எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். வாய்மொழி உறுதி கடைசி நேரத்தில் நிற்காது.

கூட்டிவைத்த அனுபவம் கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் ஒரு பாடம். 2001-இல் அங்கே தேசிய அளவில் உயர்தொழில்நுட்பக் குற்றப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். 2006-இல் அதை சோகா என்ற பெரிய அமைப்புக்குள் கரைத்துவிட்டார்கள். கணினிக் குற்றத்தை எங்கே போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை என்று நிறுவனங்கள் குறைபட்டுக்கொண்டன. 2008-இல் லண்டன் பெருநகரக் காவல்துறையின் தலைமையில் மறுபடி ஒரு மையப் பிரிவை அமைக்க வேண்டியதாயிற்று. இடையில் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

கருவிகள் பற்றி. அசல் வட்டில் ஒரு எழுத்துகூட மாறாமல் நகலெடுக்க ரைட் பிளாக்கர் வேண்டும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கை நகலெடுக்கச் சுமார் இரண்டு மணி நேரம். நகலைச் சரிபார்க்க ஏறக்குறைய மறுபடி அவ்வளவு. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் நல்ல யுபிஎஸ் வேண்டும். ஹாஷ் மதிப்பு, அதாவது ஷா-256 முறையில் 64 குறிகளாக வரும் வட்டின் கைரேகை, மகஜரிலேயே ஏற வேண்டும். இதில் பலவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. நகலெடுக்க எஃப்டிகே இமேஜர் இலவசம், ஆராய ஆட்டாப்ஸி திறமூல மென்பொருள், திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய சைபர்செக் நம் நாட்டுக் கருவி. பெரும் பணம் வேண்டியது கைபேசித் திறப்புக் கருவிகளுக்கு. அவற்றின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு கைபேசிப் புதுப்பிப்பும் பழைய வழி ஒன்றை அடைக்கும். கருவியும் கூடவே வளர வேண்டும்.

சிக்கல் இங்கேதான். அரசாணையில் தொடரா செலவினம் எளிதாகக் கிடைக்கும். தொடர் செலவினம் ஒவ்வொரு ஆண்டும் போராடி வாங்க வேண்டியது. நான் பார்த்த ஒரு பிரிவில் கருவி இருந்தது, இயக்கத் தெரிந்த தலைமைக் காவலர் இருந்தார், உரிமம் முடிந்திருந்தது. அதுவரை வந்த மாடல்களைத் திறக்கும், புதியவற்றைத் திறக்காது. வாங்கும்போதே ஐந்தாண்டு உரிமத்தையும் விலையோடு சேர்த்துக் கேட்பதே சரி. சேமிப்பு வட்டுகளும் அப்படித்தான். ஒரு வழக்குக்கு மூன்று கைபேசி, ஒரு லேப்டாப் என்றால் நகல்களுக்கும் காப்பு நகல்களுக்கும் எவ்வளவு இடம் வேண்டும்! மேல்முறையீடு முடியும்வரை எதையும் அழிக்க முடியாது. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் இந்தத் தேவையைக் கருத்துருவில் நான் எப்போதும் முதல் பக்கத்தில் வைத்தேன்.

பணத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாத ஒரு வேலை இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைப் பற்றி அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்பு தரும் தகவல்கள், 2019-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, மாநிலங்களுக்கு முறையாக வருகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வழக்குப் பதிய வேண்டுமானால் யாராவது ஒருவர் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை, எந்த வயது, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள காவலர்கள் இதைச் செய்கிறார்கள். பின்னணியில் தெரியும் ஒரு பள்ளிப் பையையோ சுவர்க் காலண்டரையோ வைத்து ஊரைக் கண்டுபிடித்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம் என்பதற்காகவே பார்க்கிறார்கள். தனி அறை, கதவு, தொடர்ந்து பார்க்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு, மாற்றி உட்கார இன்னொருவர், கேட்காமலேயே கிடைக்கும் மனநல ஆலோசனை: இவை சலுகைகள் அல்ல. துப்பாக்கிப் பயிற்சிக்குக் காதுக் கவசம் கொடுக்கிறோம் அல்லவா? ஆலோசகரிடம் போனால் பலவீனமானவன் என்று பெயர் வருமோ என்ற அச்சம் நம் படையில் இருக்கிறது. அதனால், எல்லோரும் போவது கட்டாயம் என்று வைத்தால்தான் தேவைப்படுபவர் போவார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-ஆம் பிரிவில் மின்னணுச் சான்றுக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. முதல் பகுதி சான்றைத் தாக்கல் செய்பவர் நிரப்புவது. இரண்டாவது பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்போடு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2020-இலும் தெளிவாகச் சொன்னதன் தொடர்ச்சி இது. சான்றை நம்பத்தக்கதாக்கும் நல்ல மாற்றம். ஆனால் ஒவ்வொரு சிசிடிவி பதிவுக்கும் ஒவ்வொரு கைபேசிக்கும் நிபுணர் கையெழுத்து வேண்டுமென்றால் மாவட்டத்துக்கு எத்தனை நிபுணர்கள் வேண்டும்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கைப்பற்றலை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் சொல்கிறது; அந்தப் பதிவையும் எங்கோ சேமிக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கோ 60 நாள் அல்லது 90 நாள். அது தவறினால், காவலில் இருப்பவர் ஜாமீன் கேட்டு வெளியே போவார்.

வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். நகலெடுத்த தலைமைக் காவலர் வேறு மாவட்டத்தில் எஸ்.ஐ. ஆகியிருப்பார், சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். சம்மன் போகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஹாஷ் மதிப்பைப் பற்றிக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். நகலெடுத்தவர் தன் நாளேட்டைப் புரட்டி, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று சொல்ல வேண்டும். நகல் வட்டு இயங்கி அதே 64 குறிகளைக் காட்ட வேண்டும். அந்த ஒரு நாளுக்கான பயணப்படி, பழைய கருவிக்குரிய மென்பொருள், வட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றும் செலவு எதுவும் வழக்குப் பதிவான ஆண்டின் ஒதுக்கீட்டில் வராது. அடுத்தடுத்த ஆண்டுகளின் தொடர் செலவினத்தில்தான் வரும். புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகள் என்னிடம் கருத்துருவைக் காட்டும்போது, அந்தத் தலைப்பில் தொகை எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.